ஒரு பேணி வெந்தயத்தால அளந்த தோட்டம்

குளிரில விறைச்ச கை முழுக்க வெந்தய வாசம்... சுவிஸில, வின்டர்தூரில என்ர முதல் வசந்தகாலம் எண்டால் எனக்கு இப்பவும் அதுதான் ஞாபகம் வரும்.

கலியாணம் முடிஞ்சு வந்து இறங்கினது நல்ல பனிக்காலம். இவர் ரெஸ்டோரண்ட் குசினியில சமைக்கப் போனால், பிறகு நானும் மூண்டாம் மாடி ஜன்னலும்தான். சுன்னாகத்துச் செம்மண்ணில தோட்டக்காரர் வீட்டில வளர்ந்தவளுக்குக் காலில மண் படாமல் இருக்கிறது ஒரு வருத்தம் மாதிரி. அம்மாவுக்கு போன் எடுத்தால், ஹலோ சொல்ல முதலே அழுகை வந்திடும்.

கீழ் வீட்டில கொன்சுவேலோ எண்டு ஒரு ஸ்பெயின்காரி. என்ர வயசுதான். ரயில் பாதைக்குப் பக்கத்தில அவவுக்கு ஒரு தோட்டத்துண்டு கிடைச்சிருந்தது. அதைக் குடுக்கிற சங்கம் வைகாசியில வந்து பாக்கும். நிலம் சும்மா கிடந்தால் பறிச்சு அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவினம். ஆஸ்பத்திரியில கிளீனிங் வேலையும் செய்துகொண்டு முழுக்கக் கொத்த அவவால ஏலாது. பாதியை நீ எடு எண்டா.

எனக்கு வந்த சந்தோசத்தில தலைகால் தெரியேல்லை.

சரி, எப்பிடிப் பாதியாப் பிரிக்கிறது? ஒரு மீற்றர் நாடா வாங்கியிருந்தால் அலுவல் முடிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கும் அந்த யோசனையே வரேல்லை பாருங்கோ...

அவ தன்ர ஊர்க்கதை சொன்னா, அரைகுறை ஜெர்மனிலயும் மிச்சம் கையாலயும். அவவின்ர அப்பப்பா அம்மம்மா காலத்தில எண்ணெய்க்கு அரோபா கணக்கு, துணிக்கு வாரா கணக்கு. ஒரு வாராவைக் கையை விரிச்சுக் காட்டினா, எங்கட ரெண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைய வரும். நிலத்துக்கு ஃபனேகா. அது உண்மையில தானியம் அளக்கிற அளவு. ஒரு ஃபனேகா விதை விதைக்கக்கூடிய நிலமும் ஒரு ஃபனேகாதானாம். ஊருக்கு ஊர் அது மாறுமாம். சட்டப்படி எப்பவோ கிலோவும் ஹெக்டேயரும் வந்தாலும், சொந்தக்காரர் காணிச்சண்டை பிடிக்கேக்க இன்னும் ஃபனேகாதான் எண்டு சிரிச்சா.

எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. எங்கட பக்கத்தில லாச்சம் வரகு எண்டு சொல்லுறதும் அதேதானே... எவ்வளவு வரகு விதைக்கலாமோ அவ்வளவு காணி.

பிறகென்ன, தமிழ்க்கடையில வெந்தயம் வாங்கினம். ஆளுக்கு ஒரு தகரப் பால்பேணி நிறைய. அவ அந்தத் தலைப்பில இருந்து, நான் இந்தத் தலைப்பில இருந்து விதைச்சுக்கொண்டு வாறது. பேணி முடியிற இடம் அவரவர் எல்லை. நடுவில சந்திக்கவேணும்.

சந்திக்கேல்லை!

ரெண்டு பேரும் வறண்ட ஊர்க்காரர். குருவிக்குக் கொஞ்சம், வெயிலுக்குக் கொஞ்சம் எண்டு நெருக்கி விதைச்சுப் பழகின கை. சுவிஸ் மண்ணில போட்டதெல்லாம் முளைக்கும் எண்டு ஆர் கண்டது? பேணி ரெண்டும் காலி. நடுவில ஒரு கட்டில் அகலத்துக்கு வெறும் நிலம் மிச்சம்.

அது உன்ர எண்டா அவ. இல்லை, உன்ர எண்டன் நான். மரியாதை பாத்துப் பாத்து ரெண்டு பேருமே அதில கை வைக்கேல்லை. புல்லுக்கு என்ன மரியாதை... அது தன்ர பாட்டுக்கு முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திட்டுது.

வைகாசியில சங்கத்து மனுசன் வந்தார். ரெண்டு பக்கத்துப் பச்சையையும் பாத்துத் தலையாட்டிக்கொண்டு வந்தவர், நடுப்புல்லில நிண்டிட்டார். இது ஆரின்ர பொறுப்பு எண்டு கேட்டார். தோட்டம் போனால் திரும்பவும் அந்த மூண்டாம் மாடி ஜன்னல்தானே.

"என்ர," எண்டா கொன்சுவேலோ.

அதே நேரம் என்ர வாயிலயும் "என்ர" எண்டு வந்திட்டுது.

மனுசன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார். ஒரு கிழமை தாறன், ஆராவது ஒராள் பிடுங்குங்கோ எண்டிட்டுப் போட்டார். அண்டைக்கே ரெண்டு பேருமாக் குனிஞ்சு பிடுங்கி உருளைக்கிழங்கு நட்டம். அவவுக்கு முட்டையோட பொரிக்க, எனக்குக் குழம்பு வைக்க.

பின்னேரம் அம்மாவுக்கு போன் எடுத்தன். கிழங்கு நட்டனான் எண்டன். இந்த முறை நான் அழேல்லை. அங்கால அம்மா மெல்லக் கேட்டா.

"தண்ணி கிட்டவோ பிள்ளை?"

இப்ப என்ர மகள் கட்டில் வாங்க முதல் போனைச் சுவரில பிடிச்சு அறையை அளக்கிறாள். அளவு பிழைக்கவே பிழைக்காது. நல்லதுதான்... ஆனால் எனக்கு ஒரு சிநேகிதி கிடைச்சது அளவு பிழைச்சதாலதான். அதை நினைச்சால் கொஞ்சம் கவலையாவும் கிடக்கும்.

சங்கமும் அண்மையில எல்லாத்தையும் புதுசா அளந்து படம் கீறினது. எங்கட துண்டில கோடு சரியா நடுவால போகுது, கிழங்குப் பாத்திக்கு மேலால. கொன்சுவேலோ கண்ணாடியைப் போட்டு வடிவாப் பாத்திட்டு, படத்தை மடிச்சு வைச்சிட்டு மண்வெட்டியை எடுத்தா. பென்ஷன் எடுத்தும் ஊருக்குப் போகேல்லை அவ. போனால் கிழங்கை ஆர் கிண்டுறது எண்டு கேக்கிறா.

இந்த வருசமும் நல்ல விளைச்சல். வின்டர்தூர்ப் பக்கம் வாறாக்கள் ஒரு பையோட வாங்கோ.