திரும்பி வராத ஏழு பேர்

அந்தத் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சீனி டாக்டர் என்றால் போதும், எந்த வண்டிக்காரரும் நேராக வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஹோமியோபதி மருத்துவர். வீட்டின் முன்னறைதான் கிளினிக். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மர அடுக்கு, அதில் கட்டைவிரல் உயரத்துக்கு நூற்றுக்கணக்கில் குப்பிகள். வேறு டாக்டரைக் கண்டால் அலறும் குழந்தைகள்கூட இவரிடம் வாயை ஆவென்று திறந்துகொண்டு நிற்கும். உள்ளே இருப்பது இனிப்பு உருண்டை அல்லவா! பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். கூடவே இருந்த அக்கா, டெலிபோன் ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "இவகிட்ட நோயாளியைவிட எறும்புதான் அதிகம் வருது" என்பார்.

இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவுக்கு அறுபத்து மூன்று, தங்கைக்கு ஐம்பத்தெட்டு.

சீனி டாக்டரிடம் ஜனங்கள் வந்ததற்கு முக்கியக் காரணம், அவர் உட்கார வைத்துக் கேட்பார். எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறது, தாகம் எப்படி, கோபம் வந்தால் கத்துவீர்களா அழுவீர்களா என்று ஒரு மணி நேரம் போகும். சொல்லி முடிக்கும்போதே சிலருக்குப் பாதி நோய் போன மாதிரி இருக்கும். அதிலும் தலைசுற்றல் என்றால் அவர் கைராசி என்று ஒரு பேச்சு. படுக்கையில் புரண்டால் சுற்றுகிறதா, கோனியம் என்ற மருந்து. குமட்டலோடு சேர்ந்து சுற்றுகிறதா, காக்குலஸ். ஐந்தாறு வருடமாகத் தலைசுற்றலுக்கென்றே ஒரு நீல அட்டை நோட்டுப் போட்டு, வந்தவர்களை ஒருவர் விடாமல் எழுதி வைத்திருந்தார். நாற்பத்து மூன்று பேர். முப்பத்தாறு பெயர்களுக்கு நேராகக் 'குணம்'. மிச்சம் ஏழு பேருக்கு 'வரவில்லை'. அந்தக் கணக்கை வைத்து ஹோமியோபதி மருத்துவர்களின் மாதக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று அழைப்பும் வந்திருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அவருக்கே வந்தது.

விடிந்து வெளிச்சம் வந்த நேரம். அலாரத்தை அணைக்க வலப்பக்கம் புரண்டார். அறை பெயர்ந்து ஓட ஆரம்பித்தது. ஜன்னல் சுவரில் ஏறி, கூரைக்குப் போய், திரும்பக் கீழே விழுந்தது. கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விழுந்துவிடுவோம் என்று தோன்றியது, படுத்திருப்பவள் எங்கே விழ முடியும் என்றும் தோன்றியது. அரை நிமிடத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. ஆனால் உடம்பு வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது.

பயம் தெளிந்ததும் ஒருவித நிம்மதிகூட வந்தது. வலப்பக்கம் புரண்டால் சுற்றல், அசையாமல் இருந்தால் இல்லை. மருந்து எதுவென்று அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நாக்கில் நான்கு உருண்டை போட்டுக்கொண்டார். மறுநாளும் சுற்றியது. வீரியத்தைக் கூட்டிப் பார்த்தார். மருந்தைக் கெடுக்கும் என்று காபியை நிறுத்தினார். ஐந்தாம் நாள் மருந்தை மாற்றினார். பத்தாம் நாள் படுக்கவே பயந்து நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினார். கீழே விழுந்த குப்பி மூடியைக் குனிந்து எடுக்கப் போய், மர அடுக்கின் மேலேயே சாய்ந்தார்.

அக்கா ஓடிவந்து பிடித்தார். "போதும்டி. உன் மருந்துக்கு உன்னை அடையாளம் தெரியல. கிளம்பு, காது டாக்டர்கிட்ட."

"காதுல எனக்கு என்ன அக்கா? தலைதான சுத்துது."

"டாக்டருக்குப் படிச்சது நீயா நானா? கிளம்புன்னா கிளம்பு."

காது மூக்கு தொண்டை டாக்டர் சின்ன வயதுப் பெண். நான்கே கேள்வி கேட்டார். பிறகு நோயாளியைப் பரிசோதனைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்துக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டார். அறை பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

"கண்ணை மூடாதீங்கம்மா. சுத்தட்டும், நான் பிடிச்சிருக்கேன். கண்ணு துடிக்குது பாருங்க, அதுதான் எனக்கு வேணும்."

சுற்றல் அடங்கியதும் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். காத்திருந்தார். உடம்போடு இடப்பக்கம் புரள வைத்து, முகம் தரையைப் பார்க்கச் செய்தார். மறுபடி காத்திருந்தார். பிறகு எழுப்பி உட்கார வைத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"காதுக்குள்ள சுண்ணாம்புத் தூள் மாதிரி சின்னச் சின்ன துகள் இருக்கும்மா. அதுல கொஞ்சம் இடம் மாறி, வளைஞ்ச குழாய்க்குள்ள விழுந்திருந்துச்சு. நீங்க புரளும்போது அது உருளும். மூளை ஆளே சுத்தறதா நினைச்சுக்கும். இப்ப பழைய இடத்துக்கே தள்ளிவிட்டிருக்கேன். சிலருக்கு ரெண்டாவது தடவை செய்ய வேண்டியிருக்கும்."

எழுந்து கதவுவரை போன சீனி டாக்டர் திரும்பினார். "ஒண்ணு கேக்கலாமா? எதுவுமே செய்யாம விட்டா?"

"நிறைய பேருக்குச் சில வாரத்துல தானாவே போயிடும்மா."

மறுநாள் காலை பயந்து பயந்து வலப்பக்கம் புரண்டார். ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் ஜன்னலாகவே இருந்தது. சந்தோஷப்பட அவர் நிற்கவில்லை. முகம்கூடக் கழுவாமல் நீல நோட்டைப் பிரித்து உட்கார்ந்தார். குணமான ஒவ்வொருவருக்கும் எத்தனை நாளில் என்று அவரே எழுதியிருந்தார். மூன்று வாரம். நான்கு வாரம். பதினெட்டு நாள். ஆறு வாரம். 'சில வாரத்துல தானாவே போயிடும்மா.' முப்பத்தாறு பேரில் எத்தனை பேரைத் தன் மருந்து குணப்படுத்தியது, எத்தனை பேரை நாட்கள் குணப்படுத்தின என்று சொல்ல அந்த நோட்டில் வழியே இல்லை. முப்பத்திரண்டு வருடம் இந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கிறோம் என்று உறைத்தது.

அதன் பிறகுதான் அவர் கண், இத்தனை நாளும் தாண்டித் தாண்டிப் போன அந்த ஏழு பேர் மேல் விழுந்தது.

"எங்கடி போறே வெயில்ல?" என்றார் அக்கா.

"வராதவங்களைப் பாக்கப் போறேன்."

இரண்டு பேர் வீடு மாறிவிட்டிருந்தார்கள், தகவல் இல்லை. ஒரு கடைக்காரர், "அதுவா? அடுத்த வாரமே போயிடுச்சே, அப்புறம் எதுக்கு வரணும்?" என்று சிரித்தார். ஒருவருக்கு ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்ததும் சரியாகிவிட்டதாம். ஒரு பெரியவர் வேறு நோயில் காலமாகியிருந்தார். இன்னொரு வீட்டில் கதவைப் பாதி திறந்து, யார் என்று கேட்டதும் மூடிவிட்டார்கள்.

ஏழாவது ஒரு தையல்காரம்மா. மாடிப்படிக்குக் கீழே இருந்த குறுகலான அறையில், ஜன்னல் பக்கம் மெஷினைப் போட்டு ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். சீனி டாக்டர் அவருடைய இடப்பக்கம் நின்று இரண்டு தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. மேசை மேல் நிழல் விழுந்த பிறகுதான் அந்த அம்மாள் நிமிர்ந்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார். சிரிப்பு வாயின் வலது ஓரத்தில் மட்டும் ஏறியது. இடது பாதி முகம் அசையவில்லை.

"வாங்க டாக்டரம்மா. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. அந்தக் காது செத்துப்போச்சு."

துணிக் குவியலை நகர்த்தி இடம் செய்து கொடுத்துவிட்டு, ஊர்க்கதை சொல்வதுபோல் சொன்னார். சீனி டாக்டரிடம் பதினோரு மாதம் மருந்து சாப்பிட்டிருக்கிறார். தள்ளாட்டம் சில நாள் குறையும், சில நாள் கூடும். ஒரு நாள் பல்லால் நூலைக் கடிக்கும்போது கன்னம் மரத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தால், காது நரம்பில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் எடுத்தாக வேண்டிய அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தது. எடுத்ததில் காது போயிற்று, முகத்து நரம்பும் அடிபட்டது.

"முன்னாடியே வந்திருந்தா தப்பிச்சிருக்கலாம்னாங்க. 'லாம்'னுதான் சொன்னாங்க. உறுதியா யாரும் சொல்லல."

சீனி டாக்டர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "நீங்க என்கிட்ட சொல்லியிருக்கீங்க. எழுதி வச்சிருக்கேன். 'இடது காதில் மட்டும் இரைச்சல், மழை பெய்வது போல. போனில் பேச்சு கேட்பதில்லை.' எழுதினேன். எழுதிட்டு, அதுக்கும் ஒரு மருந்து தேடினேன். காதைப் பாக்கச் சொல்லி அனுப்பல." "நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்மா."

தையல்காரம்மா மெஷின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"கோபமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் உங்க தெரு வழியா போகாம சுத்திக்கிட்டுப் போயிருக்கேன். நான் தள்ளாடினப்போ வீட்டுக்காரர்கூட வேலைக்கு டிமிக்கின்னாரு. உக்கார வச்சு, முழுசா கேட்டது நீங்க ஒருத்தர்தான். அதனாலதான் விடாம உங்ககிட்டயே வந்தேன். நீங்க கொஞ்சம் கம்மியா கேட்டிருந்தா, நான் அப்பவே வேற எங்கயாவது போயிருப்பேன்."

சீனி டாக்டர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. நடந்ததையெல்லாம் கேட்ட அக்கா, தட்டை மூடி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "நீ வேணும்னு செய்யலடி" என்றார்.

"வேணும்னு செஞ்சிருந்தா தண்டனைன்னு ஒண்ணு இருக்கும் அக்கா. இதுக்கு என்ன இருக்கு?"

மருத்துவர்கள் கூட்டத்துக்குப் போனார். முப்பத்தாறு பேரைப் பற்றி ஐந்து நிமிடம், ஏழு பேரைப் பற்றி அரை மணி நேரம். தன் சொந்தச் சுற்றல் எப்படித் தீர்ந்தது என்பதையும் மறைக்கவில்லை. அறையில் சலசலப்பு எழுந்தது. மூத்த மருத்துவர் ஒருவர் எழுந்து, "நீங்க மருந்தைத் தப்பாத் தேர்வு பண்ணியிருக்கீங்க. அதுக்கு மருத்துவத்தைக் குறை சொல்றதா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாதீங்க" என்றார்.

"இருக்கலாம் ஐயா. ஆனா உங்ககிட்ட திரும்பி வராதவங்க வீட்டுக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்க. அப்புறம் பேசுவோம்."

அடுத்த மாதத்திலிருந்து கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை.

கிளினிக்கை மூடிவிடுவார் என்றுதான் அக்கா நினைத்தார். மூடவில்லை. சளி, தும்மல் என்று பழைய ஆட்கள் வந்தால் உருண்டை கொடுத்தார். கொடுக்கும்போதே, "இது தானாவும் போகும். மூணு நாளைக்கு மேல இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்று சொல்லிக் கொடுத்தார். சொல்லச் சொல்லக் கூட்டம் குறைந்தது. தலைசுற்றல் என்று வந்தவர்களுக்கு மட்டும் மருந்தே கொடுக்கவில்லை. புரண்டால் சுற்றுகிறவர்களைக் காது டாக்டரிடம் அனுப்பினார். ஒரு காதில் மட்டும் இரைச்சல், கேட்கவில்லை என்றால் கையோடு தானே கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு நாள் மதியம் ஒரு பஸ் கண்டக்டரை அவருடைய மனைவி தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். காலையிலிருந்து சுற்றலாம். சீருடைகூட மாற்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"இப்படி நேரா நாலடி நடங்க" என்றார் சீனி டாக்டர். கால் இரண்டும் வலப்பக்கமே இழுத்தன. ஒன்றிலிருந்து பத்துவரை சொல்லச் சொன்னார். நாக்கு குழறியது. அவ்வளவுதான், போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க கைராசியை நம்பி வந்தோம். ஒரு உருண்டை கூடக் குடுக்காம ஆஸ்பத்திரிக்குத் துரத்துறீங்களே, நீங்கல்லாம் ஒரு டாக்டரா?"

"இல்லன்னே வச்சுக்கங்க. எப்ப ஆரம்பிச்சதுன்னு மட்டும் மணியைச் சரியாச் சொல்லுங்க, அங்க மொதல்ல அதைத்தான் கேப்பாங்க."

மூளையின் பின்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அன்று மாலைவரை வீட்டில் படுக்க வைத்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிழைத்தார். ஆனால் நடை பழையபடி வரவில்லை. ஓடும் பஸ்ஸில் நின்று டிக்கெட் கொடுக்க முடியாது என்று பணிமனையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். மனைவி அப்புறமும் சீனி டாக்டரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைத்தெருவில் எதிரே பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். சீனி டாக்டரும் அசைப்பார். அக்காவுக்குத்தான் பொறுக்காது; ஒரு நாள் கடையிலிருந்து திரும்பும்போது கேட்டேவிட்டார். "உயிரைக் காப்பாத்தியிருக்கே, ஒரு நன்றி சொன்னா அவ வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

"விடு அக்கா. வீட்டுல தாங்கிப் பிடிச்சு நடத்துறவ அவதான. நல்லது சொல்லத் தெம்பு எங்க இருக்கும்" என்றபடி காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு நடந்தார்.