அரைப் புள்ளி உசாந்தி

வாழைச்சேனைத் துறைமுகத்தில் உசாந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ஐஸ் உடைக்கிறவர்களுக்கும் மீன் நிறுக்கிறவர்களுக்கும் அவள் ‘அரைப் புள்ளி’. முதலில் நக்கலாகத்தான் சொன்னார்கள். பிறகு அது வாயில் ஒட்டிக்கொண்டது. ஸ்பெயின் நாட்டில், அவள் பிறப்பதற்கு முன்னர் நடந்த ஒரு காரோட்டப் பந்தயத்திலிருந்து வாழைச்சேனைப் பெண்ணொருத்திக்குப் பட்டப்பெயர் வந்தது எப்படி என்று கேட்டால், அவளுடைய புருசன் சுபாகரனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுபாகரன், ஹமீட் முதலாளியின் கூலர் லொறியைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டி வந்தவன். விடியும்போது படகுகள் இறக்கும் மீனை ஏற்றிக்கொண்டு புணானை, வெலிக்கந்தை தாண்டிப் பொலன்னறுவைக் கடைகளில் போட்டுவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்துவிடுவான். குடி இல்லை, வெற்றிலை இல்லை. அவனுக்கிருந்த ஒரே பைத்தியம் ஃபோர்மியுலா வன் கார்ப் பந்தயம். ஞாயிறு பின்னேரம் ஓட்டம் தொடங்கினால் வாசலில் யார் வந்து நின்றாலும் எழும்ப மாட்டான். ஷூமாக்கர் ஏழு முறை உலகச் சம்பியனானதையும் ஹமில்டன் அதைச் சமப்படுத்தியதையும், பதினெட்டே வயதில் வெர்ஸ்டாப்பன் ஓர் ஓட்டத்தை வென்றதையும், அந்தக் காலத்தில் ஐம்பது வயது தாண்டிய இத்தாலியர் ஒருவர் வென்றதையும் சோற்றைப் பிசைந்தபடி சொல்லிக்கொண்டிருப்பான். உசாந்தி செதிள் சுரண்டிய கையை நிறுத்தாமல் “ஓம், ஓம்” என்பாள். ஒரு சொல்லும் மண்டையில் ஏறாது.

அவனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. மருந்தை ஒழுங்காகப் போடவில்லை. கண் மங்கத் தொடங்கியதை வீட்டிலும் சொல்லவில்லை, முதலாளிக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் புணானைக்கு அங்கால் வீதியில் படுத்திருந்த எருமை மாடுகள் அவன் கண்ணில் படவே இல்லை. எதிரே வந்த சைக்கிள்காரன் போட்ட சத்தத்தில்தான் பிரேக்கை மிதித்தான். லொறி ஓர் எருமையின் கொம்புக்கு முன்னால் போய் நின்றது. அன்று ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்து, ஹமீட் முதலாளியின் மேசையில் லொறித் திறப்பை வைத்தான்.

“இனி என்ர கையில இதத் தராதீங்க முதலாளி. ஆரையும் கொண்டுபோடுவன்.”

மட்டக்களப்பு ஆசுபத்திரியில் வைத்தியம் நடந்தது. ஒரு கண்ணில் நிழல் மட்டும் மிஞ்சியது. மற்றது முற்றாக இருண்டுவிட்டது. வீட்டுக்கு வந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தொலைக்காட்சியை யாராவது போட்டால் “நிப்பாட்டு” என்பான். உசாந்தி துறைமுகத்தில் மீன் வெட்டப் போனாள். மாலையில் வந்து அவனுக்குச் சோறு போட்டாள். இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருக்கவில்லை.

சுபாகரனுக்குப் பிறகு வந்த சாரதிகள் யாரும் அந்த லொறியில் நிலைக்கவில்லை. ஒருவன் வெளிநாடு போனான், இன்னொருவன் சொல்லாமலே நின்றுவிட்டான். உசாந்தி ஸ்கூட்டர் ஓட்டுவாள், சின்ன வாகனத்துக்கு லைசன்ஸ் வைத்திருந்தாள். கடதாசி ஆலைப் பக்கத்து வெட்டவெளியில் முன்பு சுபாகரன் பகிடியாக அவளை லொறியில் ஏற்றி ஸ்டியரிங் பிடிக்க விட்டதும் உண்டு. ஒரு நாள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு நேரே முதலாளியிடம் போனாள்.

“முதலாளி, பெரிய வாகனத்துக்கு நான் லைசன்ஸ் எடுத்தா லொறியத் தருவீங்களா?”

ஹமீட் முதலாளி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “புள்ள, யான வாற றோட்டு. ஆம்பிளயளே பயப்படுறானுகள்.”

“யானைக்கு ஆம்பிள பொம்பிள தெரியுமா முதலாளி?”

அவர் சிரித்துவிட்டார். “எடுத்துக்கொண்டு வா, மறுகா பாப்பம்.”

வீட்டில்தான் பெரிய எதிர்ப்பு. “நான் குருடனாப் போயிட்டன் எண்டு ஊருக்கே போர்ட் எழுதி மாட்டப் போறயா?” என்று சுபாகரன் கத்தினான். அதற்குப் பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. அவள் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அவன் சொன்னதையும் கேளாமல் தொலைக்காட்சியைப் போட்டாள். ஓட்டம் தொடங்கியிருந்தது. அவளுக்கு ஒரு பெயரும் தெரியாது.

“செம்மஞ்சள் கார் ரெண்டு முன்னுக்குப் போகுது. பின்னால ஒரு கடும்நீலம். சிவப்பு ஒண்டு புல்லுக்க இறங்கிற்று.”

சுவர்ப் பக்கம் கிடந்தவன் அசையவில்லை.

“இப்ப எல்லாரும் ரயர் மாத்தப் போறாங்க.”

“எல்லாரும் ஒரே நேரத்தில மாத்த மாட்டாங்க. வடிவாப் பாத்துச் சொல்லு.”

மெல்லத் திரும்பி உட்கார்ந்தான். ஓட்டம் முடியும் வரை அவள் நிறம் சொன்னாள், அவன் பெயர் சொன்னான். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

முடிந்ததும் அவள் கேட்டாள்: “இதில பொம்பிளயள் ஒருத்தரும் ஓடினதில்லையா?”

“ஓடியிரிக்காங்க, ஒரு கை விரலுக்குள்ள எண்ணலாம். ஆனா புள்ளி எடுத்தது ஒருத்திதான். லெல்லா லொம்பார்டி எண்டு இத்தாலிக்காரி. தகப்பன் இறைச்சிக் கடைக்காரன். இறைச்சி கொண்டுபோற வானை ஓட்டித்தான் பழகினவ. எழுபத்தஞ்சாம் ஆண்டு பார்சிலோனாவில ஆறாவதா வந்தவ. ஆறாம் இடத்துக்கு ஒரு புள்ளி. ஆனா ஓட்டத்தப் பாதியில நிப்பாட்டினதால பாதிதான் குடுத்தவங்க. அரைப் புள்ளி. இண்டைக்கு வரைக்கும் வேறொரு பொம்பிளயும் அந்த அரையக் கூட எடுக்கல்ல.”

“ஏன் பாதியில நிப்பாட்டினவங்க?”

“ஒரு கார் பறந்துபோய்ப் பாத்துக்கொண்டு நிண்ட ஆக்களுக்கு மேல விழுந்திட்டுது. செத்துப்போனாங்க.”

உசாந்தி உலை வைக்க எழுந்து போனாள்.

லைசன்ஸ் கிடைத்தது. அவள் முதன்முதலாக லொறியை வெளியே எடுத்த காலையில், சுபாகரன் தேநீர்க் கடையில் இருந்து அந்த இறைச்சிக் கடைக்காரன் மகளின் கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் பெருமையை விட்டுவிட்டு அரைப் புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அவள் பின்னுக்கு எடுக்கும்போது கொஞ்சம் தடுமாறினால் போதும், “அரைப் புள்ளி, பாத்து!” என்று யாராவது குரல் கொடுப்பான். அவள் திரும்பியே பார்ப்பதில்லை. சுபாகரன் பட்டப்பெயருக்குக் காரணமாகியும் அந்த லொறியில் ஏறவில்லை. “வா, காத்துப்பட ஒருக்காப் போயிற்று வருவம்” என்று அவள் கேட்ட போதெல்லாம் தலையை ஆட்டி மறுத்துவிடுவான். தன் இருக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார அவனால் முடியவில்லை.

ஒரு வருசத்துக்கு மேல் அப்படியே ஓடியது. பிறகு அந்தக் காலை வந்தது.

பனி இன்னும் கலையவில்லை. புணானை தாண்டி, இருபக்கமும் காடு நெருங்கும் இடத்தில், ஒரு வான் வீதியோரக் கானுக்குள் சரிந்து கிடப்பதைக் கண்டாள். வீதியில் யானை இலத்தி ஆவி பறந்தபடி கிடந்தது. யானை குறுக்கே வர, வானைத் திருப்பியிருக்கிறார்கள். தேற்றாத்தீவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு, கத்தாரிலிருந்து வரும் மகனைக் கூட்டிவரப் புறப்பட்ட குடும்பம். அம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார்கள், ஆனால் அது வந்துசேர நேரமெடுக்கும்.

உசாந்தி யோசிக்கவில்லை. லொறியின் பின்கதவைத் திறந்து, மீன் நிறைந்த ரெஜிபோம் நுரைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வீதியோரம் தள்ளினாள். பாரையும் சூரையும் ஐசோடு புல்லில் கொட்டின. பின்னால் வந்து நின்ற மோட்டார் சைக்கிள்காரர் இருவர் கை கொடுத்தார்கள். கை முறிந்த பெரியவர் ஒருவரையும், வான் சாரதியையும், தலை உடைந்த உறவுக்காரர் ஒருவரையும் பின்னால் ஏற்றினார்கள். பெரியவரின் மனைவிக்குத்தான் பெரிய அடி. வெளியில் காயம் அதிகம் தெரியவில்லை, முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. அவவை முன்னிருக்கையில் சரித்து, இருக்கைப் பட்டியைக் கட்டி, தன் சால்வையைச் சுருட்டிக் கழுத்துக்கு வைத்தாள்.

உசாந்தி அந்த வீதியில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓட்டியதில்லை. குழிகளில் லொறி தூக்கிப் போட்டது. பக்கத்தில் இருந்தவ கண்ணைத் திறந்து சொன்னா:

“மெதுவாப் போ மகள்.”

“கொஞ்சம் பொறுங்க அம்மா, ஆசுபத்திரி வந்திட்டுது.”

“நோகுது. மெதுவாப் போ.”

உசாந்தி கியரைக் குறைக்கவில்லை. மூன்றாம் முறை அந்தக் குரல் வரவில்லை. வெலிக்கந்தை ஆசுபத்திரி வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தபோது, அந்தக் கை அவளுடைய கைக்குள் பாரமாக விழுந்தது. உள்ளே காயம், என்ன வேகத்தில் கொண்டுவந்திருந்தாலும் காப்பாற்றியிருப்பது கஷ்டந்தான் என்று டொக்டர் சொன்னார். மற்ற மூவரும் பிழைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். உசாந்தி முதலாவதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

யாரோ எடுத்த படம் பேஸ்புக்கில் ஏறியது. மாலைக்குள் வாழைச்சேனை முழுக்கக் கதை பரவிவிட்டது. ஹமீட் முதலாளி மீனைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாறாக வீட்டுக்கே வந்தார்.

“ஞாயித்துக்கிழம துறைமுகத்தில மேடை போட்டு உனக்குப் பொன்னாட போத்தப் போறம் புள்ள. எங்கட பக்கத்தில லொறி ஓட்டுற முதல் பொம்பிள நீதான் எண்டு அறிவிக்கிறது. பேப்பர்க்காரனும் வாறான்.”

“வேணாம் முதலாளி.”

அவர் போன பிறகு சுபாகரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். “முதல் ஆள் எண்டா சும்மாவா? ஆயிரம் பேர் பின்னால வந்தாலும் உன்ர பேர அழிக்கேலாது. அந்தப் பந்தயக்காரரிட பேரெல்லாம் அப்பிடித்தானே நிண்டிரிக்கு?”

உசாந்தி அடுப்படியிலிருந்து வந்து அவன் முன்னால் குந்தினாள்.

“இஞ்சாருங்க, அந்த இத்தாலிக்காரி. ஆக்கள் செத்த ஓட்டத்திலதானே அவவுக்கு அந்த அரைப் புள்ளி கிடைச்சது. அதை அவ எந்த மனசோட வாங்கியிருப்பா?”

சுபாகரன் அந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண்ணின் மனதைப் பற்றி ஒரு முறையும் நினைத்ததில்லை. பிறகு கேட்டான்: “செத்த அம்மாவிட வீடு எங்க?”

“தேற்றாத்தீவு.”

“போவம். நானும் வாறன்.”

முதலாளியிடம் கேட்டு லொறியிலேயே போனார்கள். கதவுப் பிடியைத் தடவித் தடவி ஏறி, சுபாகரன் முதன்முறையாக இடப்பக்கம் உட்கார்ந்தான். அந்த இருக்கையில்தான் அந்த அம்மா கடைசியாக இருந்தா என்று உசாந்தி சொல்லவில்லை. அவனுக்கு அது தெரிந்திருந்தது. கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே போனார்கள்.

செத்தவவின் பெயர் ஞானமணி. வாசலில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. கத்தாரிலிருந்து வந்த மகன் துசாந்தன் பந்தலுக்குள் நின்றான். தாயைக் காண வந்தவன் பிரேதப் பெட்டியைத்தான் கண்டான். அவனுடைய தகப்பன் வீரகத்தி, முறிந்த கையைக் கட்டித் தொங்கவிட்டபடி கதிரையில் இருந்தார். உசாந்தியை அடையாளம் கண்டு எழும்பப் பார்த்தார். அவள் ஓடிப்போய்த் தடுத்தாள்.

“மகள், நான் பின்னால கிடந்தனான். ஒண்டும் தெரியாது. அவ கடைசியா ஏதும் சொன்னவவா?”

பந்தலில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆறுதலாக ஒரு பொய் சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். மகனின் பெயரைச் சொன்னா என்று சொல்லலாம். சாமியைக் கூப்பிட்டா என்று சொல்லலாம். அந்த முகத்துக்கு முன்னால் அது வரவில்லை.

“மெதுவாப் போ எண்டு ரெண்டு தரம் சொன்னவ ஐயா. நோகுது எண்டவ. நான் கேக்கல்ல. கெதியா ஓட்டினன். நான் மெதுவாப் போயிருந்தா அவவுக்கு அந்த நோவாவது இருந்திராது.”

வீரகத்தியின் வாயோரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா, அழுகையா என்று உசாந்திக்குப் பிடிபடவில்லை.

“அவ எப்பவும் அப்பிடித்தான் மகள். கலியாணம் முடிச்ச புதுசில சைக்கிள்ள ஏத்திக்கொண்டு போவன். மாட்டு வண்டில்காரன் எங்களத் தாண்டிப் போவான். அப்பவும் பின்னாலயிருந்து ‘மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க’ எண்டுதான் சொல்லுவா.” நல்ல கையால் முகத்தைத் துடைத்தார். “உனக்கும் சொல்லியிருக்காவா. அப்ப நினைவோடதான் போயிருக்கா.”

துசாந்தன் பந்தல் தூணைப் பிடித்துக்கொண்டு, வந்ததற்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதான். உசாந்தி வீரகத்தியின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். யாரோ ஒரு பெண் வந்து அவளுடைய முதுகைத் தடவிவிட்டாள். அடக்கம் முடியும் வரை இருவரும் இருந்தார்கள்.

திரும்பும் வழியில் வாவிப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. சுபாகரன் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டியபடி கேட்டான்:

“அண்டைக்கு உனக்குப் பயமா இருந்திச்சா?”

“இருந்திச்சு. முதல் நாள் லொறி எடுக்கக்குள்ளயும் இருந்திச்சு.”

“நான் கேக்கவே இல்லயே.”

“ஓம்” என்றாள் அவள்.

பொன்னாடை விழா நடக்கவில்லை. ஹமீட் முதலாளி அதற்குப் பதிலாக லொறிக்குள் ஒரு முதலுதவிப் பெட்டி பொருத்திக் கொடுத்தார். உசாந்தி அதைப் பாவிக்கவும் படித்துக்கொண்டாள். துசாந்தன் கத்தாருக்குத் திரும்பிப் போகவில்லை. தகப்பனோடு இருந்து மிளகாய்த் தோட்டம் செய்கிறான். சித்திரை வருசப் பிறப்புக்கு வீரகத்தி ஒரு பை மிளகாயோடு பஸ் ஏறி வாழைச்சேனைக்கு வந்து, சுபாகரனோடு பின்னேரம் வரை இருந்து கதைத்துவிட்டுப் போனார். உசாந்தி இன்னும் அந்த லொறியைத்தான் ஓட்டுகிறாள். சில காலைகளில் இடப்பக்க இருக்கையில் சுபாகரன் இருப்பான். ஏற்றம் தொடங்கும்போதே, எஞ்சின் சத்தத்தை வைத்தே, “கியரக் குறை” என்பான். அவள் அதற்கு முன்னமே குறைத்திருப்பாள்.