டாக்டர் இல்லாத நெட்வொர்க்

நான் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள். வருகிற பிள்ளைகள் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிற நெட்வொர்க் ஆஸ்பத்திரிகளின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். கேரள எல்லையிலிருக்கிற களியக்காவிளைப் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரியைத் தேடிப் போகிறவர்கள் இல்லை, டாக்டரைத் தேடிப் போகிறவர்கள். டாக்டர் இடம் மாறினால் அவர் பின்னாலேயே பஸ் ஏறிவிடுவார்கள். அந்த இடம் கேரளாவில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

நான் வேலையில் இருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் குரூப் பாலிசியில் சேர்க்க அங்கே ஒரு கூட்டம் போட்டோம். பேசியவர் சென்னையிலிருந்து வந்திருந்த எங்கள் பிராஞ்ச் மேனேஜர். பிரீமியம் குறைவு, பழைய நோயும் சேர்த்தி, திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ், கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

ரோசம்மாள் டீச்சர் எழுந்தார். அவர் கணவருக்கு இதய வால்வில் கோளாறு. ஆபரேஷன் எப்போது வேண்டுமானாலும் தேவைப்படலாம் என்று சொல்லியிருந்தார்கள். இருக்கிற பாலிசியை விட்டுவிட்டு இதில் சேரலாமா என்று பார்க்க வந்திருந்தார்.

"எங்க சாருக்க நெஞ்ச நோக்குற டாக்டர் அங்கதான் இருந்தாரு. இப்ப நெய்யாற்றின்கரைக்கு மாறிட்டாரே. அந்த ஆஸ்பத்திரியிலயும் இது உண்டா சார்?"

மேனேஜர் யோசிக்கவே இல்லை. "எல்லா எடத்துலயும் இருக்கு டீச்சர். கையெழுத்துப் போடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் போகிற அந்த நெய்யாற்றின்கரைச் சின்ன ஆஸ்பத்திரி எங்கள் நெட்வொர்க்கில் கிடையாது என்று காலையில் காரில் வரும்போதே சொல்லியிருந்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்த மனுஷன்தான் இவர்.

"டீச்சர், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எங்கள் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அது இவிடெ இல்லல்லோ மேடம்" என்று, அது இங்கே இல்லை என்பதை மலையாளத்தில் சொன்னது ஒரு பெண்குரல்.

டீச்சர் இப்போது பாலிசி வைத்திருக்கிற கம்பெனி எது என்று அவரிடம் கேட்டு, அதன் பெயரைச் சொன்னேன். அது உண்டு என்றாள்.

டீச்சர் பேனாவை மூடினார். "நல்ல காலம் மக்ளே. பழசக் களஞ்சிருந்தா இவரக் கொண்டு நான் எங்க போவேன்?" என்றவர், மேனேஜர் பக்கம் திரும்பினார். "தெரியாதுன்னு சொல்லியிருந்தா ஒங்கள நாங்க கடிச்சா தின்னுருவோம்?"

திரும்பும்போது காரில் மேனேஜர் என்மேல் பாய்ந்தார். "உங்களுக்குச் சம்பளம் குடுக்குறது கம்பெனியா, அந்த டீச்சரா?"

"நெஞ்சு நோயாளியக் கவுண்டர்ல நிறுத்தி வைக்கவா சார் சம்பளம் வாங்குறேன்?" என்றேன். ஆத்திரம் தீராமல் இன்னொன்றும் கேட்டேன். "உங்க அப்பாவும் ரிட்டயர்டுதானே? அவருக்கு நம்ம பாலிசிதானே எடுத்திருக்கீங்க?"

"இல்ல மேடம். அவர் பாக்குற டாக்டர் நம்ம நெட்வொர்க்ல வரல. அதான் வேற கம்பெனியில எடுத்தேன்."

கொஞ்சமும் கூசாமல் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. தன் அப்பாவுக்கு டாக்டரை விசாரித்துப் பாலிசி எடுக்கத் தெரிந்தவர், டீச்சரின் கணவருக்கு வெறும் ஆஸ்பத்திரிப் பெயரைக் காட்டப் பார்த்திருக்கிறார்.

அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஓய்வுபெற்றவர்கள் வீட்டுக்குப் போனால், அவர்கள் பார்க்கிற டாக்டர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அவர் இருக்கிற இடத்துக்கு அங்கேயே உட்கார்ந்து போன் பண்ணுங்கள். கிளம்பும் முன் உங்களை அனுப்புகிற மேனேஜரிடம், அவருடைய அப்பாவுக்கு எந்தப் பாலிசி எடுத்திருக்கிறார் என்றும் கேட்டுவிட்டுப் போங்கள்.