நூற்று நாற்பது பவுண்டு காற்று

இட்லியை ஆக்னஸ் நின்றுகொண்டே தின்கிறார். நிற்பது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு வாய் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். திரும்பி வந்து இன்னொரு வாய். அப்புறம் கூடத்துச் சுவரில் சாய்த்திருக்கும் பந்தயச் சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை சத்தத்தைக் கேட்பார். மூன்று இட்லி முடிவதற்குள் வீட்டுக்குள்ளேயே கால் கிலோமீட்டர் நடந்திருப்பார். "உக்காந்து தின்னா எனக்கு எறங்காது தம்பி" என்பார், சட்னி விரலோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே.

செகந்திராபாத்தை ஒட்டிய போலாரத்தில் எங்களுக்கு எதிர்வீடு. வயது முப்பத்தெட்டு. அப்பா பாளையங்கோட்டையிலிருந்து ரயில்வே வேலைக்குச் செகந்திராபாத் வந்தவர். ஆக்னஸ் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அதனால் அவர் பேச்சில் திருநெல்வேலியும் தக்கணி இந்தியும் அடித்துக்கொள்ளாமல் குடியிருக்கின்றன. ஏன் நிற்கிறீர்கள் என்பதற்குக் "கைக்கு நிக்கிய?" என்றுதான் கேட்பார். கணவர் ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் இருக்கிறார், சாதுவான மனிதர். "தூங்கறப்பவும் பெடல் மிதிப்பா சார், எனக்குத்தான் உதை" என்று ஒருமுறை முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்ததற்காக ரயில்வே கொடுத்த வேலை ஆக்னஸுடையது. சரக்கு சேதமாகிவிட்டது என்று இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் படிக்கும் பிரிவு. அங்கேயும் ஜன்னல் கட்டையில் ஃபைலை வைத்து நின்றபடியேதான் படிக்கிறார். ரயில்வே சைக்கிள் அணியில் இருப்பவர்கள் மதியம் ஒரு மணிக்குப் பயிற்சிக்குக் கிளம்பிவிடலாம். அணியில் இடம் போய்விட்டால் ஐந்தரை வரை நாற்காலி. வருடத்துக்கு ஒரு முறை தேர்வு ஓட்டம், நான்கு இடம். பதினைந்து வருடமாக நால்வரில் ஒருவராக இருந்தவர், போன வருடம் இரண்டு விநாடியில் தப்பித்தார். "ஊர்ல எல்லாவனும் ஒரு நாற்காலி கெடைக்காதான்னு அலையுதான். எனக்கு அது ஜெயிலு தம்பி" என்று அவர் சொன்னபோது சிரிக்கத் தோன்றியது. முகத்தைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

காலில் இனிமேல் வேகம் ஏறாது என்று அவருக்குத் தெரியும். அதனால் டயரில் தேட ஆரம்பித்தார். நம் சைக்கிள்களில் டயர் தனி, டியூப் தனி. ஆக்னஸ் ஓட்டும் சைக்கிளில் டியூபை உள்ளே வைத்துத் துணியோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். அந்தக் குழலை ரிம்மின் மேல் பசை தடவி ஒட்ட வேண்டும். 'ட்யூபுலர்' என்று பெயர். பஞ்சரானால் தையலைப் பிரித்து, ஒட்டி, மறுபடி தைக்க வேண்டும். ஆக்னஸ் வீட்டில் ஊசிக்கும் நூலுக்கும் வேறு எந்த வேலையும் கிடையாது. அவரிடம் இருந்தது பழைய கறுப்பு ஜோடி ஒன்று, இத்தாலியிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பழுப்பு ஜோடி ஒன்று. இரண்டில் எது நன்றாக உருளும்? எதில் எவ்வளவு காற்று?

இதில் நான் எப்படி மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். இந்த 2009-ல் ஹைதராபாத் கம்பெனிகளில் பாதிப் பேருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். பிழை பார்க்க மென்பொருளே வராததால் என்னைப் 'பெஞ்சில்' வைத்திருந்தார்கள். சம்பளம் உண்டு, வேலை இல்லை, கூப்பிட்டால் போக வேண்டும். நான் பால்கனியில் ஒரே நாற்காலியில் ஒரே மாதிரி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதை ஆக்னஸ் எதிர்வீட்டிலிருந்து நோட்டம் பார்த்திருக்கிறார். ஒரு நாள் வந்து கதவைத் தட்டினார்.

"சும்மாதானே இருக்கிய தம்பி. ஒங்கள மாதிரி ஆடாம அசையாம இருக்குத மனுசன நான் பாத்ததே இல்ல. எனக்கு நீங்க வேணும்."

என் வாழ்க்கையில் என் சோம்பலை ஒருவர் தகுதியாக எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

சோதனை இதுதான். பட்டாளத்துக் குடியிருப்புகளின் பின்னால் மரம் அடர்ந்த ஒரு சாலை சரிந்து இறங்கிச் சமதளத்துக்கு வருகிறது. மேலே வெள்ளைக் கோட்டில் சைக்கிளை நிறுத்தி, மிதிக்காமல், தள்ளாமல், விட்டுவிட வேண்டும். அது உருண்டு கீழே எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. ஓட்டுகிறவர் தலையைத் திருப்பினாலும் முழங்கையை விரித்தாலும் காற்று தடுத்துக் கணக்குக் கெட்டுவிடும். ஆக்னஸே உட்கார்ந்து பார்த்தபோது ஒரே டயர் ஒரு தடவை இருபது அடி முன்னே போனது, ஒரு தடவை பின்னே நின்றது. அவரால் பாதிச் சரிவுக்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. ஆகவே நான்.

என் எடை தினமும் எழுபத்தெட்டு கிலோ இருக்க வேண்டும் என்று விதி. காலையில் எழுபத்தேழு முந்நூறு காட்டினால் எழுநூறு மில்லி தண்ணீரைக் கையில் கொடுத்துக் குடிக்க வைப்பார். கம்பெனியில் கொடுத்த நீலச் சட்டை ஒன்றையே துவைத்துத் துவைத்துப் போட்டேன். நான் உருளும்போது அவர் பக்கத்திலேயே கத்திக்கொண்டு ஓடி வருவார். "ஹவ், ஹவ், ஆமா, அப்படியே... கைக்கு கண்ணச் சிமிட்டுதிய?" கண் சிமிட்டினால் ஒன்றும் ஆகாது என்று அவருக்கும் தெரியும்.

காற்று அசைகிறதா என்று பார்க்க மின்கம்பத்தின் அடியில் ஊதுபத்தி ஏற்றி வைப்பார். புகை நேராக எழுந்தால்தான் ஓட்டம். நடைப்பயிற்சி போகும் பெரியவர் ஒருவர் மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தைக் கும்பிட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஆக்னஸ் அவரைத் தடுக்காமல், "சீக்கிரம் கும்பிடச் சொல்லுங்க தம்பி, வெயில் வந்தா காத்து கெளம்பிரும்" என்று என்னிடம் முனகினார்.

ஐந்தாம் நாள் வேறு ஆபத்து வந்தது. இணையக் கேபிள் பதிக்கக் குழி தோண்டிக்கொண்டே வந்தார்கள். இதற்கு முன் அல்வாலில் ஆக்னஸ் வைத்திருந்த சரிவை அந்தக் குழிதான் விழுங்கியது. இதுவும் போனால், அளந்ததெல்லாம் வீண். வேறு சாலையின் அளவை இதோடு ஒப்பிட முடியாது. ஆக்னஸ் மேஸ்திரியிடம் தெலுங்கில் சண்டை போட்டு, கெஞ்சி, வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கினார். அந்தப் படபடப்பில் காற்றடிக்க மறந்துவிட்டார்.

பழுப்பு டயருக்குள் இருக்கும் மெல்லிய டியூப் ஒரே இரவில் காற்றைக் கசியவிடும் ஜாதி. நூற்று நாற்பது பவுண்டு அழுத்தம் ஏற்றி வைத்தது நூற்றுப் பத்துக்கு இறங்கியிருந்தது. தெரியாமல் நான் உருண்டேன். முந்தைய நாள் கோடுகளை எல்லாம் தாண்டிப் பதினோரு அடி தள்ளிப் போய் நின்றேன்.

ஆக்னஸ் காற்று மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இது செல்லாது. காத்தே இல்லாம விட்டுட்டேன். கோட்ட அழிங்க."

"அழிக்காதீங்கக்கா. எங்க வேலைல இப்படி ஒண்ணு வந்தா திரும்பச் செஞ்சு பாப்போம்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகவாவது என் கம்பெனி எனக்குக் கொடுத்த சம்பளம் தகும்.

வியாழன், வெள்ளி இரண்டு காலையும் சேர்த்து இருபத்திரண்டு தடவை உருண்டேன். நூற்று நாற்பது, நூற்று இருபத்தைந்து, நூற்றுப் பத்து, தொண்ணூறு. கறுப்போ பழுப்போ, நூற்றுப் பத்தில்தான் அதிக தூரம். தொண்ணூறில் மறுபடி குறைந்தது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கல்லு மாதிரி டயர்தான் வேகம் என்று நம்புகிறார்கள். ஆக்னஸும் இருபது வருடமாக நூற்று நாற்பதுதான் ஏற்றியிருக்கிறார்.

அவர் சாலையோர மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோனேன்.

"டயரு எறுகியிருந்தா ஜல்லி ரோட்டுல ஒவ்வொரு கல்லுக்கும் ஆளத் தூக்கித் தூக்கிப் போடும் தம்பி. கை மரத்துப் போவும், பல்லு கிட்டும். அதத்தான் வேகம்னு நெனச்சேன். தூக்குத பெலன் எங்கெருந்து வருது? எங் காலுலெருந்துதான?" கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன பந்தயம்." பிறகு எழுந்து, "ஒங்க எடைக்கு நூத்திப் பத்துன்னா எனக்குத் தொண்ணூத்தஞ்சு போதும்" என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

தேர்வு ஓட்டம் ஞாயிறு காலை, மேட்சல் போகும் நெடுஞ்சாலையில், இருபது கிலோமீட்டர். இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டும். மூன்று இடம் காஜிப்பேட்டைப் பெண்களுக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான்காவது ஆக்னஸுக்கா சுபாஸ்ரீக்கா என்பதுதான் கேள்வி. சுபாஸ்ரீ லாலாகூடா ரயில்வே காலனிப் பெண், இருபத்து நான்கு வயது. பெற்றோருக்கு அரக்கோணம் பக்கம். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் இந்தியில் வரும்.

அவள் இரண்டு கையாலும் பம்பை அமுக்கி நூற்று நாற்பதுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். திரும்பி வந்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி போனார். மூன்றாவது தடவை எனக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, வேண்டாம்" என்று கையைப் பிடிக்கப் போனேன். அவர் அதற்குள் சுபாஸ்ரீ பக்கத்தில் நின்றார்.

"காத்த எறக்கு. நூறு போதும்."

சுபாஸ்ரீ சிரித்துவிட்டாள். போட்டி போடுகிறவள் வந்து, போட்டியன்று, உன் டயரில் காற்றை இறக்கு என்றால் யார்தான் நம்புவார்கள்? "நக்கோ அக்கா" என்று மரியாதையாக மறுத்தாள்.

ஆக்னஸ் வாதாடவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து, தன் முன்சக்கரத்தில் அவள் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். டயர் அமுங்கியது. சுபாஸ்ரீ நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய்த் தன் சைக்கிளின் அருகில் குந்தினாள். உஸ் என்று காற்று போகும் சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு தடவை உருண்டவன் நான். "எதுக்குச் சொன்னீங்க?" என்றேன்.

"கண்ணால பாத்துட்டு எப்படித் தம்பி சும்மா நிக்க?"

ஆக்னஸ் முப்பத்திரண்டு நிமிடம் எட்டு விநாடியில் வந்தார். ஆறு வருடத்தில் அவருடைய மிகச் சிறந்த நேரம். எனக்கு விசிலடிக்கத் தெரியாது, அன்று அடித்தேன். அவருக்கு அடுத்துக் கிளம்பிய சுபாஸ்ரீ இரண்டு நிமிடம் கழித்து வந்தாள். முப்பத்திரண்டு நிமிடம் ஐந்து விநாடி.

பெயர்களை வாசித்தார்கள். நான்காவது பெயர் சுபாஸ்ரீ. மறுநாளிலிருந்து ஆக்னஸுக்கு ஐந்தரை மணி வரை ஆபீஸ். நான் அவர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுபாஸ்ரீ கூட்டத்துக்கு வராமல் சாலையோரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் வேகமாக அவளிடம் போனார். பாராட்டப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று நானும் பின்னாலேயே ஓடினேன். பத்து நாளில் தேசியப் போட்டிக்குப் போகப்போவது அந்தச் சக்கரங்கள்தான். ஆக்னஸ் அவள் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, இடது உள்ளங்கையை டயரில் வைத்துக்கொண்டு மெல்லச் சுற்றினார். ஓரிடத்தில் கை நின்றது. குனிந்து, நகத்தால் கிளறி, ரப்பரில் ஏறியிருந்த சின்னக் கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்தார். அதைச் சாலையில் எறியாமல் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மீதிச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.