பின்சில்லைப் பார்த்து வாரும்

இந்த வசந்தத்தில் என் உடம்பு மறுபடியும் இடப்பக்கம் போகத் தொடங்கிவிட்டது.

முதல் தடவை நடந்தது பலெர்மோவில், போர்கோ வெக்கியோ சந்தையைத் தாண்டித் துறைமுகப் பக்கம் திரும்பும் தெருவில். காலை நேரம். மொண்டெல்லோவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் முன்னால், மனைவி பின்னால், ஆளுக்கொரு சைக்கிள். மீன்பெட்டி ஏற்றிய வான் ஒன்று, நின்றிருந்த காரை விலத்துவதற்காக எங்கள் பக்கம் ஏறி நேரே வந்தது. இத்தாலியில் எல்லாம் வலப்பக்கம்தான் ஓடும். நானும் இன்னும் வலது ஓரத்துக்கு ஒதுங்கியிருக்க வேண்டும். என் கை ஹாண்டிலை இடப்பக்கம் வெட்டியது. வான்காரனும் அதே நேரம் தன் பக்கத்துக்குத் திரும்பினான். இரண்டு பேரும் ஒரே பக்கம். அவன் பிறேக் அடித்த சத்தத்தில் பல்கனியில் உடுப்புக் காயப்போட்ட பெண் ஒருத்தி கத்தினாள். என் முன்சில்லுக்கும் வானுக்கும் இடையில் ஒரு கை நுழையாது.

அந்த நேரத்தில் என் உயிரைப் பற்றி நான் நினைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால் என் மனைவி நான் போகிற வழியிலேயே வருகிறவள். அவள் வலது ஓரத்தில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். நல்லவேளை, கொஞ்சம் பிந்தி வந்ததால் தப்பினாள் என்று நினைத்தேன். வான்காரன் என்னையும், என் தாயையும், செத்துப்போன என் சொந்தக்காரரையும் சேர்த்துத் திட்டினான். இந்த ஊரில் ஒருவன் திட்டி, நான் திருப்பித் திட்டாமல் போனது அன்றைக்குத்தான்.

வந்த புதிதில் இது எனக்கே சிரிப்பான கதை. அல்பெர்கேரியாவில், பழைய சாமான்களை நிலத்தில் விரித்து விற்கும் தெருவில் ஒரு சைக்கிள் வாங்கினேன். யார் வீட்டில் களவு போனதோ, நான் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து, யாழ்ப்பாணத்தில் ஓடுவது போலவே இடது ஓரமாக விட்டேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் என் மேல் ஏற வந்தார்கள். இவர்களுக்கு வண்டி ஓடவே தெரியாது என்று முடிவு கட்டினேன். வேடிக்கை என்னவென்றால், யாரும் என்னைத் திருத்தவில்லை. பலெர்மோவில் ஸ்கூட்டர்காரர் பாதிப் பேர் எதிர்த்திசையில்தான் போவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, எங்கள் சிஞ்ஞோரா, ஒருநாள் மூன்றாம் மாடியிலிருந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "நீ அவசரத்தில் குறுக்கே வருகிறாய் என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்தேன்! உனக்குப் பக்கமே தெரியாதா?" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கோயில் நூலை ஆண்கள் வலது கையில் கட்டுவோம். நூல் கட்டிய கை சுவர்ப் பக்கம். சந்தேகம் வந்தால் கையைப் பார்த்து அந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும். யோசிக்க நேரம் இருக்கும்போது அது நன்றாக வேலை செய்தது. ஒருவன் திடீரென்று முன்னால் பாய்ந்தால் நூலைப் பார்க்க எங்கே நேரம்? மாதக்கணக்காக உடம்போடு மல்லுக்கட்டித்தான் அதை வலப்பக்கம் பழக்கினேன்.

உடம்பைக் குறை சொல்லவும் முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆமி ட்ரக் பின்னால் உறுமிக்கொண்டு வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சைக்கிளோடு சேர்ந்து இடப்பக்க வேலிக்குள் விழுந்துவிடுவோம். முள் கிழித்தால் கிழிக்கட்டும். ட்ரக்குகள் சைக்கிளைக் கண்டு ஒதுங்கியதை நான் பார்த்ததில்லை. என்னோடு டியூசனுக்கு வந்த ஒருவன் விழுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தான். நான் வேலிக்குள் கிடந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இடப்பக்கம் போனால் உயிர் மிஞ்சும் என்று அந்த வயதிலேயே எலும்புக்குள் போய்விட்டது.

மனைவி இங்கே வந்து சேர்ந்த பிறகு அவளுக்குச் சைக்கிள் பழக்கினேன். ஊரில் அண்ணன்மார் அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு திரிந்தார்களே தவிர, ஹாண்டிலைத் தொட விடவில்லை. என் பெருமைக்குரிய நூல் விதியையே அவளுக்கும் சொன்னேன். தெருவில் இறங்கிய முதல் நாளே அவள் நேரே ஒரு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். பெண்கள் நூலை இடது கையில் கட்டுவார்கள் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. அன்று நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. அதற்குப் பிறகு நூலை விட்டுவிட்டு வேறு வழி சொன்னேன்.

"நீர் ஒண்டையும் பார்க்கவேண்டாம். என்ரை பின்சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு வாரும். அது போற வழியிலை வாரும்."

வந்தாள். இருபது வருடத்துக்கு மேலாக வருகிறாள். எனக்கு மொண்டெல்லோவில் ஓர் உணவகக் குசினியில் வேலை. அவள் அதே பக்கத்தில் வீடுகள் துப்புரவு செய்கிறாள். கோடை வந்தால் கடற்கரைக்குப் போகிற பஸ் நிரம்பி வழிந்து, எங்கள் தரிப்பில் நிற்காமலே போய்விடும். அதனால் சைக்கிள்தான். மலையடியில் பூங்காவுக்குள்ளால் போகும் சாலை நேர்ச்சாலை. கார்கள் கண்மண் தெரியாமல் பறக்கும். அங்கே சில மரங்களில் பிளாஸ்டிக் பூக்களையும், அந்த இடத்தில் அடிபட்டுச் செத்த இளம் பிள்ளைகளின் படங்களையும் கட்டியிருப்பார்கள். நான் அந்த மரங்களைப் பார்ப்பதில்லை. அவள் பார்க்கிறாளா என்று கேட்டதுமில்லை.

அந்த மீன் வானுக்குப் பிறகும் இடப்பக்கம் என்னை விடவில்லை. சுற்றுவட்டத்தில் இடப்பக்கமிருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும். நான் ஊரில் போல வலப்பக்கம் பார்த்துவிட்டு இறங்கினேன். ஸ்கூட்டர் ஒன்று என் காற்சட்டையை உரசிக்கொண்டு போனது. இன்னொரு நாள், ஆளில்லாத தெருவில், ஒரு அவசரமும் இல்லாமல், நான் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருப்பதைக் கண்டேன். எவ்வளவு தூரம் அப்படி வந்தேன் என்று தெரியவில்லை. வானை விட அதுதான் என்னை உலுக்கியது. வயது போகப் போக, பிந்திப் பழகியது முந்திக் கழன்றுவிடும் போலிருக்கிறது. குசினியில் தினமும் சொல்லும் இத்தாலிச் சொற்கள் சிலவும் இப்போது வாய்க்கு வர மறுக்கின்றன.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் விழுவது ஒருபுறம் இருக்கட்டும். என் பின்சில்லை நம்பி, கண்ணை வேறெங்கும் விடாமல் ஒருத்தி வருகிறாள். நான் பிழையான பக்கம் வெட்டித் தப்பிப் போகலாம்; பின்னால் வருகிறவள் அகப்படுவாள். சைக்கிளை விட்டுவிடுவோம் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். சைக்கிளே என்னிடம் பழகியவள் முன்னால், எனக்கு இனிச் சைக்கிள் ஓட வராது என்று எந்த வாயால் சொல்வது? வீம்புதான். வாயை மூடிக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு சந்தியிலும், அவளுடைய சங்கிலிச் சத்தம் பின்னால் கேட்கும்வரை எனக்கு மூச்சு வராது.

போன கிழமை அந்தப் பூங்காச் சாலையில் ஒரு நாய் புதருக்குள்ளிருந்து பாய்ந்தது. என் கை இடப்பக்கம் வெட்டியது. பின்னாலிருந்து வந்த காரின் பக்கக் கண்ணாடி என் முழங்கையில் அடித்துவிட்டுப் போனது. கார் நிற்கவில்லை. நான் எப்படியோ விழாமல் ஓரத்துக்கு வந்து இறங்கினேன். அவள் வந்து சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, என் கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். போத்தல் தண்ணீரை ஊற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் என் வாயைத் திறக்க வைத்தது.

"இனிமேல் என்ரை பின்சில்லைப் பார்த்து வரவேண்டாம்," என்றேன். "அது பிழையான பக்கம் போகுது."

"ஓம், தெரியும். நான் அதைப் பார்க்கிறதை எப்பவோ விட்டிட்டன்."

"எப்ப?"

"அந்த மீன் வானுக்கும் முந்தி."

அப்படியென்றால் அன்று அவள் பிந்தி வந்து தப்பவில்லை. நான் போன பக்கம் வராமல், தானே பார்த்து நின்றிருக்கிறாள். என் முகம் சுட்டது. இவ்வளவு நாளும் இவள் உயிரை நான் இழுத்துக்கொண்டு போகிறேன் என்று நெஞ்சு பதறியதெல்லாம் வீணா?

"அப்ப ஏன் எனக்குப் பின்னாலை வாறீர்? முன்னாலை போமன்!" என்று கத்தினேன்.

அவள் கைக்குட்டையை என் முழங்கையில் சுற்றி இறுக்கி முடிந்தாள்.

"நான் முன்னாலை போனா, நீங்கள் விழுந்தது எனக்கு எப்பிடித் தெரியும்?"

கார்கள் போய்க்கொண்டே இருந்தன. வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாள். நான் ஏறி மிதித்தேன். அவள் பின்னால் வந்தாள்.