பயணம் சொல்லாத வீடு

ஜஸீலாவுக்கு ஸ்கூட்டி ஓட்ட வராது. அதனால அவ ஊர் ஊராப் போயி பயணம் சொன்ன மூணு வாரமும் நான்தான் டிரைவர்.

பயணம் சொல்றதுன்னா, அவுக ஆளுகள்ல தூரதேசம் போறவுக சொந்தபந்தம், சிநேகிதம் எல்லார் வீட்டுக்கும் நேர்ல போயி, "பயணம் போறோம், ஏதாச்சும் தப்பு நடந்திருந்தா பொறுத்துக்கங்க, எங்களுக்காகத் துஆ செய்யுங்க"ன்னு கேட்டுக்கிட்டு வரணும். போன்ல சொன்னா ஆகாது. ஒரு வீடு விட்டுப் போச்சுன்னா அந்த வீட்டுக்காரவுக ஆயுசுக்கும் மறக்க மாட்டாக.

அவ புருசன் நுஃமான் பதினாலு வருசமா சவூதி தம்மாம்ல வேலை பாக்குறாரு. இப்பத்தான் குடும்ப விசா கெடைச்சுச்சு. ஜஸீலாவும் மக சுஹாவும் கெளம்பணும், அக்காள்மடத்து வீட்டைக் காலி பண்ணணும். அந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. பத்தொம்பது வருசமா அந்தச் செவுருதான் எங்களுக்குப் போன். கரண்டு போனாலும் ரெண்டு தட்டு, குழம்புல உப்புக் கூடிப்போனாலும் ரெண்டு தட்டு. "மகேசு, செத்த வந்துட்டுப் போடி"ன்னு அர்த்தம்.

என் வீட்டுக்காரரு ராம்குமாருக்கு ராமேஸ்வரத்துல லாட்ஜ் வேலை. பாதி நாள் அங்கனயே தங்கிருவாரு. மகன் திருப்பூர்ல. நாள் முழுக்க என்கூட நாலு வார்த்தை பேசுறது ஜஸீலா ஒருத்திதான். நாலா? நாப்பது பேசுவா! வாங்குன மீன்ல பாதியைப் பூனைக்குப் போட்டுட்டு, "இந்தத் தடவ மீனு பத்தலயேடி"ன்னு எங்கிட்டயே வந்து நிப்பா. அப்பேர்ப்பட்டவ.

மொத நாள் சுஹா நோட்டுல வீட்டுப் பேரெல்லாம் எழுதிக் குடுத்தா. நாப்பத்தோரு வீடு. எட்டிப் பாத்தேன். என் பேரு இல்ல.

"எங்க வீடு எத்தனாவதுடி?"ன்னேன்.

"உனக்குக் கடைசி நாளுல்ல, அதை எதுக்கு எழுதணும்"னு ஜஸீலா சிரிச்சா.

எனக்குச் சுருக்குன்னு கோவம். அவ போறாங்குறதே நெஞ்சுக்குழியில கெடந்து குத்துது, இதுல இவளுக்குச் சிரிப்பு. "பயணம் சொல்றேன்னு எங்க வீட்டுப் படியேறிறாத. கதவைத் திறக்க மாட்டேன், பாத்துக்க"ன்னுட்டேன்.

"சரி தாயி"ன்னு ஸ்கூட்டில ஏறி உக்காந்துட்டா.

மண்டபம், பெரியபட்டினம், தேவிபட்டினம்னு சுத்துனோம். பாம்பன் பாலத்துல காத்து அடிச்சா என் இடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓதிக்கிட்டே வருவா. எல்லா வீட்லயும் ரோஸ்மில்க்கு. எல்லா வீட்லயும் "சலாமத்தா போயிட்டு வாங்க". எனக்கே மனப்பாடம் ஆயிப்போச்சு.

பெரியபட்டினத்துல அவ நாத்தனா மலிகா வீடு. ஏதோ கல்யாணத்துல சாப்பாட்டுக்குக் கூப்பிடலன்னு ஆறு வருசமா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அன்னிக்கு ஜஸீலா அவ கையைப் பிடிச்சு, "பொறுத்துக்கங்க மச்சி"ன்னா. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதாக. நான் பிஸ்கட்டைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சண்டை போட்டவளுக்கு இம்புட்டு, கூடவே கெடந்தவளுக்கு ஒண்ணுமில்லையான்னு இருந்துச்சு. அன்னைக்கிருந்து எனக்கு அந்த ஒரு வார்த்தை வேணும்னு ஆசை வந்துருச்சு. என் கையையும் அவ அப்படிப் பிடிக்கணும். ஆனா வாயைத் திறந்து கேக்கவா முடியும்? திறக்க மாட்டேன்னு சொன்னவ நானாச்சே.

கெளம்புற அன்னிக்குக் காலையில வீட்டைக் கழுவி விட்டேன். சேமியா பாயசம் வச்சேன், அவளுக்குப் பிடிச்ச மாதிரி முந்திரியை அள்ளிப் போட்டு. தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டிக்கிட்டேன். எல்லாம் பண்ணிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டு உள்ள உக்காந்துக்கிட்டேன். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல! ரெண்டு தட்டு தட்டட்டும், வீம்பா ஒரு நிமிசம் நிக்க வச்சுட்டுத் திறப்போம்னு நெனப்பு.

பத்து மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்டு போற கார் வந்துச்சு. பெட்டி ஏத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் என் வாசல்ல காலடிச் சத்தம். எந்திரிச்சு கதவுகிட்டப் போயி நின்னேன்.

ஒரு தட்டு.

ரெண்டாவது வரும்னு தாழ்ப்பாள்ல கை வச்சபடி நின்னேன். வரல. கார் கதவு சாத்துற சத்தம்தான் வந்துச்சு. வெடுக்குன்னு திறந்தா, கார் ரோட்டுல திரும்பிருச்சு. படியில அவ ஹெல்மெட் இருந்துச்சு. என் பின்னாடி உக்காந்து வர அவளுக்குன்னு நான் வாங்குனது.

பாயசத்தைத் தொட மனசு வரல. அன்னிக்கி சாயங்காலம் கரண்டு போச்சு. கையி தன்னால செவுத்துக்குப் போயிருச்சு. தட்டிட்டு, கேக்க ஆளில்லாம நாந்தான் நின்னேன்.

மூணாம் நாள் போன் வந்துச்சு. "பத்திரமா வந்து சேந்துட்டோம் மகேசு"ன்னா.

"எனக்கு ஏண்டி சொல்லாமப் போன?"

"வந்து தட்டுனேனே."

"நான் வீட்ல இல்லடி. தண்ணி லாரி வந்துச்சு, கொடத்தை எடுத்துக்கிட்டு ஓடிட்டேன்." வாய் கூசாமப் பொய் சொன்னேன்.

நாப்பது வார்த்தை பேசுறவ இவ்வளவுதான் சொன்னா.

"உன் செருப்பு வாசல்லதான கெடந்துச்சு, மகேசு. அதைப் பாத்துத்தான் ரெண்டாவது தட்டல."