பணிப்பெண்ணுக்கு எதற்குக் குடை

சரியாக மாலை ஆறு இருபதுக்கு, எங்கள் பள்ளி ஆண்டு விழாவின் மேடைக்குப் பின்னால், வரலாற்று சார் என் செருப்பைப் பார்த்துவிட்டார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. நாடகத்தில் மகாராஜாவின் பணிப்பெண். ஒரே வசனம்: "நாட்டு மக்கள் அனைவரும் நலம், மகாராஜா!" சார் எழுதியதுதான். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. மகாராஜா குளம் வெட்டினார், சாலை போட்டார், அரண்மனை கட்டினார். மக்களுக்கு நலமாக இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

போன வாரம் என் மகளின் பள்ளியிலிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது: ராஜா காலத்து வேடம் வேண்டுமாம். அவள் புத்தகத்தைப் புரட்டினேன். மக்கள் இன்னும் நலமாகவே இருக்கிறார்கள். அவளிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று எங்கள் வீட்டில் யாரும் இப்படித் தயங்கவில்லை. அந்தக் காலத்து உடுப்பு வேண்டும் என்று நான் சொன்னதும் அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தை கீரிப்பாறைத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவள். அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு இருவரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள்.

"அந்தக் காலத்து உடுப்பா? நான் போடுதேன் பாரு!" என்றாள் அத்தை.

பஃப் கை வைத்த ரவிக்கை தைத்தாள். தோளில் போட ஜரிகை நேரியல். அம்மா தன் கல்யாணச் சங்கிலியை எடுத்துத் தந்தாள். சிவப்பில் குதிகால் செருப்பு. கல்ஃபிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த, பொத்தானை அழுத்தினால் படக்கென்று விரியும் பூக்குடை. மகாராஜாவாக நடித்த பையனுக்கோ அவன் அக்காவின் தாவணிதான் பட்டாடை. பாவமாக இருந்தது.

"ஒண்ணையும் கழத்தப்பிடாது, கேட்டியா மக்கா? எஸ்டேட் பஸ்ஸ விட்டு எறங்கி நேரா வந்திருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை காலையில் வேலைக்குப் போனாள்.

"ஏட்டி, பணிப்பெண்ணுக்கு எதுக்குக் குடை? செருப்பு எதுக்கு? எல்லாத்தையும் கழத்து. இல்லேண்ணா நீ மேடை ஏறாண்டாம்" என்றார் சார், மேடைக்குப் பின்னால் என்னை நிறுத்திவைத்து.

அதற்குள் திரை விலகிவிட்டது. மேடையில் மகாராஜா, "யாரங்கே!" என்றான். யாரும் வரவில்லை. மறுபடியும், "யாரங்கே!"

"ஆருமில்ல மக்கா, நீயே எறங்கிப் பாரு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். பந்தலே குலுங்கியது.

எனக்கு வசனமும் வேண்டும், செருப்பும் வேண்டும். அழுதுகொண்டே வாரைக் கழற்றக் குனிந்தேன். அப்போதுதான் ரப்பர் பால் வாடையோடு அத்தை மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"சாரே, இந்தப் பிள்ள போட்டிருக்க ஒண்ணையும் ராஜா காலத்துல எங்க சாதி ஆளுக போடப்பிடாது. ரவிக்க போட்டா கிழிச்சுப் போடுவாவ. குடை பிடிச்சா அடி. நீங்க பிள்ளையளுக்கு அதப் படிப்பிச்சியளா?"

சார் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை என் கண்ணைத் துடைத்தாள். "போ மக்கா. குடைய நல்லா விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, எல்லாரும் நலம்ணு ராஜாகிட்ட சொல்லு."